சங்கிலியை மீட்டாச்சு, யாரிடம் சொல்வேன்?

வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் உங்களிடம் ஒன்று கேட்டிருந்தேன்: "உங்கள் நல்ல சேதியை யாரிடம் முதலில் சொன்னீர்கள், அவர்கள் என்ன சொன்னார்கள்?" வந்த கடிதங்களில் பாதிதான் சேதி. மீதி, சேதியைக் கேட்டவர்கள் மேல் புகார். ஓய்வு பெறும்வரை தபால் அலுவலகக் கவுண்டரில் உட்கார்ந்திருந்தவளுக்குப் புகார் ஒன்றும் புதிதில்லை. அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

எனக்கு 46 வயது. மகள் சொல்லிக்கொடுத்து ஸ்கூட்டர் பழகினேன். போன வாரம் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எட்டு போட்டு, கால் ஊன்றாமல் பாஸ் செய்துவிட்டேன். ஓடிவந்து கணவரிடம் சொன்னால், செல்போனிலிருந்து தலையை எடுக்காமல் "ம்ம்... பார்த்து ஓட்டு" என்கிறார். நல்ல மனிதர்தான். ஆனாலும் அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நான் அதிகமாக எதிர்பார்க்கிறேனோ?
– வாசகி, கோவில்பட்டி

இல்லை. எட்டு போடுகிற இடத்தை நான் பார்த்திருக்கிறேன். வளைவில் வண்டி உள்பக்கம் சாயும். பயந்து பிரேக் பிடித்தால் கால் தன்னால் தரைக்கு வந்துவிடும். இன்ஸ்பெக்டர் ஒரு பக்கம் நிற்பார், வரிசையில் நிற்கும் பதினெட்டு வயசுப் பசங்கள் வேடிக்கை பார்ப்பார்கள். 46 வயதில் அத்தனை பேர் முன்னால் கால் ஊன்றாமல் சுற்றி வந்திருக்கிறீர்கள். அதற்கு "ம்ம்" போதாது.

ஷெல்லி கேபிள் என்ற அமெரிக்க உளவியல் பேராசிரியர் இதையே ஆராய்ச்சி செய்திருக்கிறார். நல்ல சேதிக்குப் பதில் சொல்பவர்களை நாலு வகையாகப் பிரித்து, 2004ல் சக ஆய்வாளர்களோடு கட்டுரை வெளியிட்டார். நம் வீட்டுப் பேச்சில் சொன்னால் இப்படி வரும். "அடேங்கப்பா! கால் ஊன்றிடுவோமோன்னு பயமா இல்லையா?" என்று கேட்பவர் முதல் வகை. "நல்லது" என்று முடித்துக்கொள்பவர் இரண்டாவது. "இந்த வயசுல விழுந்தா எலும்பு கூடுமா? பெட்ரோல் செலவு வேற" என்பவர் மூன்றாவது. "சரி, பாலுக்கு உறை ஊத்திட்டியா?" என்பவர் நாலாவது. இதில் முதல் வகைப் பதில்தான் உறவுக்கு நல்லது செய்கிறதாம். இரண்டாவது கேட்க மரியாதையாக இருந்தாலும், அதுவும் மற்ற இரண்டோடுதான் போய்ச் சேர்கிறது. 2006ல் காதல் ஜோடிகளை உட்கார வைத்து, நல்லதையும் கஷ்டத்தையும் ஒருவரிடம் ஒருவர் பேசச் சொல்லிப் பார்த்தார்கள். கஷ்டத்துக்கு எப்படி ஆறுதல் சொன்னார்கள் என்பதைவிட, நல்ல சேதிக்கு எப்படிப் பதில் சொன்னார்கள் என்பதில்தான் அந்த உறவின் நிலைமை அதிகம் தெரிந்ததாம்.

உங்கள் வீட்டுக்காரரின் "ம்ம்" இரண்டாவது வகை. "பார்த்து ஓட்டு" என்பதில் பாதி மூன்றாவது, பாதி பாசம். நீங்கள் விழுந்து முட்டி பெயர்ந்திருந்தால் இதே மனிதர் செல்போனைத் தூக்கிப் போட்டுவிட்டு மருந்துக் கடைக்கு ஓடியிருப்பார். நம் ஆண்களில் பலர் அடிபட்டால் ஓடிவரப் பழகியவர்கள், ஜெயித்தால் என்ன செய்வதென்று தெரியாதவர்கள். ஞாயிற்றுக்கிழமை அவரைப் பின்சீட்டில் உட்கார வைத்துச் சந்தைக்குக் கூட்டிப் போங்கள். பின்னால் உட்கார்ந்த ஆண்பிள்ளை வாய் திறக்காமல் வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

என் பங்குக்கு ஒன்று கேட்கிறேன்: எட்டில் எந்த வளைவு படுத்தியது, முதலாவதா இரண்டாவதா? எழுதுங்கள்.

கர்ப்பமாகி இரண்டு மாதம் ஆகிறது. உயிர்த்தோழியிடம் சொல்லத் துடிக்கிறேன். "மூணு மாசம் முடியிற வரைக்கும் வாயே திறக்கக் கூடாது, கண் பட்டுடும்" என்கிறார் அத்தை. இந்தக் காலத்திலும் இப்படியா?
– மருமகள், மன்னார்குடி

முதலில் வாழ்த்துகள். புளிப்பு பிடிக்கிறதா, இல்லை வாசனையே ஆகவில்லையா?

உங்கள் அத்தை கண் என்கிறார். டாக்டரைக் கேட்டால், கரு கலைவதில் பெரும்பாலானவை முதல் 12 வாரத்துக்குள் நடப்பவை என்பார். காரணம் வேறு, தேதி ஒன்றுதான். அதனால் அத்தையோடு சண்டை வேண்டாம். ஆனால் ஒருவரிடமும் சொல்லாமல் இருப்பதிலும் ஒரு சங்கடம் உண்டு. ஏதாவது ஒன்று ஆகிவிட்டால், சேதியே தெரியாத தோழி பக்கத்தில் வந்து உட்கார முடியாது. நல்லது கெட்டது இரண்டுக்கும் கூட இருப்பாள் என்று தோன்றும் ஒருத்தியிடம் இன்றைக்கே சொல்லலாம். தெருவுக்குச் சொல்வதை மூன்று மாதம் தள்ளிப் போடுங்கள். கண் பட்டால் உப்பும் மிளகாயும் சுற்றிப் போட அத்தைதான் இருக்கிறாரே.

நீங்கள் தபால் அலுவலகத்தில் இருந்தவர் என்பதால் கேட்கிறேன். வாட்ஸ்அப் இல்லாத காலத்தில் நல்ல சேதி எப்படி வந்தது? தந்தி என்றாலே அழுவார்கள் என்று பாட்டி சொல்கிறாள்.
– கல்லூரி மாணவி, சேலம்

பாட்டி சொல்வது உண்மைதான். காக்கிச் சட்டை தெருமுனையில் தெரிந்ததுமே சில வீடுகளில் குரல் கேட்க ஆரம்பித்துவிடும், உறையைப் பிரிக்கும் முன்பே. எங்கள் அலுவலகத்தில் தந்தி கொண்டுபோனவர் அதற்கு ஒரு வழி வைத்திருந்தார். பத்து வீடு தள்ளி வரும்போதே "கல்யாணத் தந்திம்மா, கல்யாணத் தந்தி!" என்று கத்திக்கொண்டே சைக்கிளை மிதிப்பார்.

வாழ்த்துத் தந்திக்கு ஒரு பட்டியல் உண்டு. தீபாவளி, கல்யாணம், பரீட்சையில் தேறியது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆயத்த வாக்கியம், அதற்கொரு எண். அனுப்புகிறவர் எண்ணைக் குறித்துக் கொடுத்தால் போதும், செலவு குறைவு. அந்தப் பக்கம் இருக்கும் ஊழியர் பட்டியலைப் பார்த்து முழு வாக்கியத்தையும் பூப்போட்ட தாளில் எழுதி, அழகான உறையில் போட்டு அனுப்புவார். முகூர்த்த நாளில் மண்டபத்துக்குக் கட்டாகப் போகும். வரவேற்பில் ஒருவர் மைக்கைப் பிடித்து ஒவ்வொன்றாக வாசிப்பார். எல்லாம் ஒரே வாக்கியம். அனுப்பியவர் பெயருக்காகத்தான் கூட்டம் காதைத் தீட்டிக்கொண்டிருக்கும். இப்போது நீ அனுப்பும் ஸ்டிக்கருக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை, அதனால் பழையதெல்லாம் பொன் என்று நான் சொல்லப் போவதில்லை. 2013 ஜூலையில் தந்தியை நிறுத்தியபோது, கடைசி நாளில் வரிசையில் நின்று தனக்குத் தானே தந்தி அடித்துக்கொண்டவர்கள்கூட உண்டு.

எனக்குப் பிடித்தது மணியார்டர். பாரத்தின் அடியில் சேதி எழுத ஒரு சின்னத் துண்டு இருக்கும். பெரும்பாலும் "நலம், நலமறிய ஆவல்" அல்லது காலியாக வரும். எப்போதாவது ஒன்று, திருப்பூரிலிருந்து, கோணல் எழுத்தில்: "அம்மா இது ஓவர்டைம் பணம். கம்மல் மட்டும்தான் வாங்கணும். அப்பாட்ட குடுக்காத." எழுத்து தெரியாத அம்மாவாக இருந்தால் தபால்காரர்தான் வாசித்துக் காட்ட வேண்டும். அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் கடைசி வரியை விட்டுவிட்டு வாசிப்பார். தபால்காரருக்கு இருந்த சாமர்த்தியம் எந்த ஸ்டிக்கருக்கும் கிடையாது.

மகன் பிளஸ் டூவில் 600க்கு 561. என் அண்ணன் மகளும் இதே வருடம்தான் எழுதினாள், 402. குடும்ப குரூப்பில் போடலாமா? கணவர் ஃபிளெக்ஸே வைக்க வேண்டும் என்கிறார்.
– வாசகி, திண்டுக்கல்

குரூப் அப்புறம். முதலில் அண்ணனுக்கு போன். உங்கள் பையனுக்குத் தாய்மாமன் அவர். மூணாவது மனுஷன் சொல்லித் தெரிந்தால் அந்தக் கோபம் பையன் கல்யாணம் வரைக்கும் நிற்கும். மார்க்கினால் வந்த பகையைவிட, "எனக்குக் கடைசியிலதான் சொன்னாங்க" என்று வந்த பகையைத்தான் நம் குடும்பங்களில் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். பையனையே பேசச் சொல்லுங்கள். "மாமா, 561 மாமா" என்று அவன் குரலில் கேட்டால் எந்த மாமனுக்கும் மனசு இளகும்.

அந்த போனிலேயே "பாப்பா எவ்வளவு?" என்று கேட்டுவிடாதீர்கள். ஆறுதலும் சொல்லாதீர்கள். 402 தோல்வி இல்லையே, நூற்றுக்கு 67. ஆறுதல் சொன்னால்தான் அது தோல்வி ஆகும். இரண்டு நாள் விட்டு, "எந்தக் காலேஜ், எந்த கோர்ஸ் பார்க்கறீங்க?" என்று அவளிடமே கேளுங்கள். எங்கள் காலத்தில் பேப்பரில் பதிவு எண் வரும். எண் இல்லையென்றால் தெருவுக்கே தெரியும். தமிழ்நாட்டில் 2017லிருந்து மாநில ரேங்க் அறிவிப்பதையே நிறுத்திவிட்டார்கள். அரசாங்கமே விட்டதை நாம் வாட்ஸ்அப்பில் பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

ஃபிளெக்ஸ் வேண்டாம். டீக்கடை ஓரத்தில் பையன் கைகூப்பிக்கொண்டு வெயிலில் நிற்பதை அவனே விரும்ப மாட்டான். அந்தக் காசுக்கு ஹாஸ்டலுக்குக் கொண்டுபோக நல்ல சூட்கேஸ் வாங்கிக் கொடுங்கள்.

ஹெச்.பி.ஏ1சி 9.2 இருந்தது, இப்போது 6.8. வீட்டில் யாரும் கண்டுகொள்ளவில்லை.
– வாசகர், 61 வயது, கரூர்

ஐயா, அது ரத்தத்தில் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி. முதல் நாள் பட்டினி கிடந்து ஏமாற்ற முடியாத பரீட்சை. ஏழுக்குக் கீழே கொண்டுவரத்தான் பெரும்பாலான டாக்டர்கள் சொல்வார்கள், கொண்டுவந்துவிட்டீர்கள். எதை விட்டீர்கள்? சாயங்கால பஜ்ஜியையா, காபிச் சர்க்கரையையா? இல்லை, ராத்திரி யாருக்கும் தெரியாமல் ஃபிரிட்ஜைத் திறப்பதையா? ரிப்போர்ட்டை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வையுங்கள். பார்க்கிறவர்கள் பார்க்கட்டும்.

ஐந்து சவரன் தாலிச் சங்கிலி. மகன் பாலிடெக்னிக் சேர்ந்தபோது வங்கியில் அடகு வைத்தோம். தாலியை மஞ்சள் கயிற்றில் கோத்துக்கொண்டேன். கேட்டவர்களிடம் "சங்கிலி அறுந்துடுச்சு, பத்தர்கிட்ட குடுத்திருக்கேன்" என்றேன். அப்புறம் கவரிங் போட்டுக்கொண்டேன். வட்டி கட்டிக் கட்டித் திருப்பி வைத்து, பிளவுஸ் தைத்த காசில் அடைத்து, போன மாதம் மீட்டுவிட்டோம். பையன் இப்போது ஓசூரில் வேலையில் இருக்கிறான், அவனுக்கும் தெரியாது. வீட்டுக்காரருக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். சந்தோஷம் தாங்கவில்லை, ஆனால் யாரிடம் சொல்வேன்? மீட்டதைச் சொன்னால் வைத்ததையும் சொல்ல வேண்டுமே!
– பெயர் வேண்டாம், பட்டுக்கோட்டை

இந்த முறை வந்ததிலேயே பெரிய சேதி இதுதான். 561ஐவிடப் பெரியது. திண்டுக்கல் அம்மா கோபித்துக்கொள்ளக் கூடாது.

நகை மீட்கும் இடத்தைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். கவுண்டரில் பணம் கட்டி ரசீது வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார வேண்டும். இரண்டு பேரிடம் இரண்டு சாவி இருக்கும். இருவரும் சேர்ந்து போனால்தான் பெட்டகம் திறக்கும். ஒருவர் சாப்பிடப் போயிருந்தால் காத்திருக்க வேண்டியதுதான். அப்புறம் கடன் எண் எழுதிய சின்னப் பை வரும். பிரித்து, எடை பார்த்து, "சரியா இருக்காம்மா?" என்று கேட்டுக் கையெழுத்து வாங்குவார்கள். வைத்த அன்றைக்கு இருந்த அதே அழுக்கு, அதே மஞ்சள் கறையோடு சங்கிலி உள்ளங்கைக்கு வரும். அங்கேயே கழுத்தில் போட்டுக்கொண்டீர்களா, முந்தானையில் முடிந்துகொண்டு பஸ் ஏறினீர்களா? அதை எழுதவில்லையே நீங்கள்.

உங்களைப் போன்றவர்கள் நிறையப் பேர். கடன் அடைந்தது, கேஸ் முடிந்தது, வீட்டில் ஒருவர் குடியை விட்டது, தூக்க மாத்திரை பாதியாகக் குறைந்தது. கேட்பவருக்கு முன்கதை தெரிந்திருந்தால்தான் இதெல்லாம் நல்ல சேதி. தெரியாதவரிடம் சொன்னால் வம்பு. முன்கதையை நாம் யாரிடமும் சொல்வதில்லை, மானம் தடுக்கிறது. கடைசியில் சந்தோஷத்தையும் கதவைச் சாத்திக்கொண்டுதான் படவேண்டியிருக்கிறது.

என் கவுண்டரில் ஆர்.டி. முதிர்வுப் பணம் வாங்க வரும் பெண்களிடம் இதைப் பார்த்திருக்கிறேன். ஐந்து வருடம், அறுபது தவணை. பாஸ்புக்கின் ஓரமெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு. பணத்தை எண்ணி வைத்ததும் வாங்கிக்கொண்டு போகமாட்டார்கள். "ஒரு மாசம்கூடத் தவறலைம்மா. புயலடிச்ச மாசம்கூடக் கட்டிட்டேன்" என்பார்கள். எனக்கு ஏன் சொன்னார்கள்? அறுபது முத்திரையும் குத்தின கை எங்களுடையது, அதனால்தான். வீட்டில் அப்படி ஒரு சேமிப்பு இருப்பதே பலருக்குத் தெரியாது. பின்னால் வரிசை நீண்டாலும் அந்த ஒரு நிமிஷம் நான் கேட்டுக்கொள்வேன். "என்ன வாங்கப் போறீங்க?" என்று கேட்டால் முகம் மாறும் பாருங்கள்! ஃபிரிட்ஜ் என்பார்கள், மகளுக்குத் தோடு என்பார்கள். ஒரு அம்மா "எனக்கே எனக்கு ஒரு கட்டில்" என்றார்.

உங்கள் மகனிடம் சொல்லுங்கள். அவனுக்காக வைத்த நகை, அவன் தெரிந்துகொள்ள வேண்டியதுதான். பைக் வாங்கித் தரச் சொல்லி அவன் கேட்கும் அன்றைக்கு மட்டும் சொல்லாதீர்கள், குத்திக்காட்டியது மாதிரி ஆகிவிடும். லீவுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கும்போது, சங்கிலியைக் கழற்றி அவன் கையில் கொடுத்துவிட்டு ஆரம்பியுங்கள். அப்புறம், உங்களிடம் விடாமல் பிளவுஸ் தைக்கக் கொடுத்த வாடிக்கைக்காரப் பெண் ஒருத்தி இருப்பாளே, வாயைக் கட்டத் தெரிந்தவளாக இருந்தால் அவளிடமும் சொல்லலாம். ஒரு கண்ணியாவது அவள் ஜாக்கெட்டில் வந்ததுதானே. உறவுக்காரர்களுக்குச் சொல்ல அவசியமில்லை. மீட்டது அவர்கள் காதில் ஏறாது, வட்டி எவ்வளவு ஆச்சு என்றுதான் கேட்பார்கள்.

எனக்கு இன்னும் தெரிய வேண்டும். போட்டுக்கொண்டு முதலில் எந்த விசேஷத்துக்குப் போனீர்கள்? யாராவது "புதுசா?" என்று கேட்டார்களா? அந்தக் கவரிங் சங்கிலி இப்போது எங்கே?

பதவி உயர்வு கிடைத்தது. சக ஊழியர்கள் ட்ரீட் கேட்கிறார்கள். கணக்குப் போட்டால் கூடிய சம்பளத்தைவிட ஹோட்டல் பில் அதிகம்.
– வாசகர், சிவகாசி

ஸ்ரீவில்லிபுத்தூர் கூப்பிடு தூரத்தில் இருக்கும்போது ஹோட்டல் எதற்கு? 2019ல் புவிசார் குறியீடு வாங்கிய பால்கோவா. ஒரு கிலோ வாங்கி, ஸ்பூனோடு மேஜையில் வைத்துவிடுங்கள். அதற்கும் மேல் பிரியாணி கேட்பவர்கள் உங்கள் பதவி உயர்வுக்காக வந்தவர்கள் இல்லை, பசியில் வந்தவர்கள்.

கல்யாணமாகி ஒன்பது வருடம், குழந்தை இல்லை. தங்கைக்கு ஏழாம் மாதம் என்பதே வளைகாப்புப் பத்திரிகை வந்தபிறகுதான் தெரிந்தது. "உன் மனசு கஷ்டப்படும்னுதான் சொல்லலை" என்கிறாள் அம்மா. தங்கை மேல் எனக்குப் பொறாமை இல்லை. மறைத்ததுதான் வலிக்கிறது.
– வாசகி, கோவை

கொஞ்சம் பொறாமை இருந்தாலும் தப்பில்லை. அது இருந்துகொண்டே சந்தோஷமும் படலாம், மனசில் இரண்டுக்கும் இடம் உண்டு. உங்கள் வலியைக் குறைப்பதாக நினைத்து அம்மா இன்னொரு வலியைச் சேர்த்துவிட்டார். வீட்டில் எல்லாருக்கும் தெரிந்து, நீங்கள் உள்ளே வந்ததும் பேச்சை மாற்றியிருப்பார்கள். அந்த நாட்களை இப்போது ஒவ்வொன்றாக நினைத்துப் பார்ப்பீர்கள், தெரியும்.

இதை வாசிக்கும் அம்மாக்களுக்கும் தங்கைகளுக்கும் சொல்கிறேன். இப்படி ஒருத்தி வீட்டில் இருந்தால், சீக்கிரம் சொல்லுங்கள், தனியாகச் சொல்லுங்கள். முடிந்தால் எழுதி அனுப்புங்கள். "உனக்குத்தான் முதல்ல சொல்றேன்க்கா, பேசணும்னு தோணும்போது கூப்பிடு" என்று இரண்டு வரி போதும். அழவேண்டுமென்றால் கதவைச் சாத்தி அழுதுவிட்டு, சாயங்காலம் அவளே போன் செய்வாள். பத்துப் பேர் கூடியிருக்கும் இடத்தில் உடைத்து, எல்லாரும் அவள் முகத்தையே பார்ப்பதுதான் கொடுமை.

வளைகாப்புக்குப் போக மனமில்லையென்றால் போக வேண்டாம். அடுத்த வாரம், தங்கைக்குப் பிடித்ததைச் சமைத்து எடுத்துக்கொண்டு தனியாகப் போய் உட்கார்ந்து பேசிவிட்டு வாருங்கள். போவதாக இருந்தால் தங்கையிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்: "வளையல் போட நீயே என்னைக் கூப்பிடு." அவளே கூப்பிட்டுவிட்டால் எந்தப் பெரியம்மா வாயும் எழாது.

எங்களைக் கேட்டீர்களே, நீங்கள் கடைசியாகச் சொன்ன நல்ல சேதி என்ன, யாரிடம்?
– வாசகர், வேலூர்

பேரன் துணையில்லாமல் போனிலேயே கரண்ட் பில் கட்டினேன். இத்தனை நாள் அவனுக்காகக் காத்திருப்பேன், அவன் "அப்புறம் பாட்டி, அப்புறம் பாட்டி" என்பான். வீட்டில் யாரும் இல்லாத மத்தியான நேரம், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இணைப்பு எண்ணை ஒவ்வொரு இலக்கமாகச் சரிபார்த்துக் கட்டினேன். இலவச யூனிட் போக மீதிக்கு வந்த தொகை சரிதானா என்று காகிதத்தில் போட்டும் பார்த்துவிட்டேன். கவுண்டர் புத்தி.

அந்த நேரத்துக்கு வாசலில் கீரைக்காரம்மாதான் வந்தார். அவரிடம்தான் சொன்னேன். கூடையை இறக்கி வைத்துவிட்டு, "பணம் போயிருச்சுன்னு எப்படித் தெரியும்? தப்பா வேற வீட்டுக்குப் போயிட்டா?" என்று கேட்டார். எவ்வளவு நல்ல கேள்வி! ரசீதைத் திறந்து என் பெயரைக் காட்டினேன். பார்த்துவிட்டு, "அப்ப எனக்கும் இதுலயே கட்டிக் குடுத்துருங்கம்மா, ஆபீசுக்குப் போனா அரை நாள் யாவாரம் போயிருது" என்றார். இப்போது அவர் வீட்டுக்கும், எதிர்வீட்டு டெய்லருக்கும் நான்தான் கட்டுகிறேன். கமிஷன், ஒரு கட்டு முருங்கைக்கீரை. டெய்லர் இன்னும் ஒன்றும் தரவில்லை.